நெல் விளையும் துறைமுகம்

சிசிலித் தீவின் தென்கரையில் காலையில் கப்பல் ஏறுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவில் இறங்கி, ஊரைச் சுற்றிவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அந்தத் துறைமுகத்தில் கண்ணை இழுப்பது ஒன்றுதான்: பல மாடி உயரமுள்ள பயணக் கப்பல் கோட்டைச் சுவரை ஒட்டினாற்போல வந்து நிற்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரே நாளில் போய்வர நமக்கும் ஒரு கடலோரக் கோட்டை ஊர் உண்டு. தரங்கம்பாடி. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. ஆனால் கோபன்ஹேகனிலிருந்து மாதக்கணக்கில் மிதந்து வந்த கப்பல்கள் அந்தச் சுவரை நெருங்கவே முடியவில்லை. கரைக்கு எட்டாத ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சிக் காத்திருந்தன. ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை நம் ஊர்ப் படகுகள். சோழமண்டலக் கரையில் ஓடிய மசூலாப் படகில் பலகைகளை ஆணியால் அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

மால்டாவில் சுவரை ஒட்டி ஆழம், இங்கே கண்ணுக்கு எட்டும் மட்டும் ஆழமில்லாத மணல். ஏன்? என்னை மலைக்க வைத்த செய்தி, இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே என்பதுதான்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், உலகின் நீரில் ஒரு பங்கு பனிக்கட்டியாக நிலத்தின் மேல் கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி, ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்தது. மால்டாவின் சுண்ணாம்புப் பாறையில் அறுபட்டிருந்த பள்ளத்தாக்கு அப்படியே மூழ்கியது. அந்தத் தீவில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பள்ளத்தை நிரப்ப வண்டல் இல்லாததால் அது பள்ளமாகவே இருந்துவிட்டது. அதுதான் இன்றைய வல்லெட்டாத் துறைமுகம்.

அதே கடல் நம் கரையிலும் ஏறியது. ஆனால் இங்கே காவிரி இருந்தது. குடகு மலையிலும் மைசூர் மேட்டு நிலத்திலும் கரைந்த மண்ணைச் சுமந்து வந்தது. ஏழெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் ஏறும் வேகம் தணிந்தபோது ஆற்றின் கை ஓங்கியது. வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைப் பின்வாங்க வைத்தது. உலகின் பெரிய டெல்டாக்கள் பலவும் இந்தக் காலத்தில்தான் வளரத் தொடங்கின. நாகை, மயிலாடுதுறைப் பக்கம் நாம் நாற்று நடும் கடலோர வயல்கள், ஆறு நிரப்பிவிட்ட துறைமுகங்கள் என்றே சொல்லலாம். வேதாரண்யம் பக்கம் கடலிலிருந்து நிலத்துக்குள் தள்ளி வரிசை வரிசையாகக் கிடக்கும் மணல்மேடுகள், ஒரு காலத்தில் கரை அங்கே இருந்ததற்குச் சாட்சி.

ஆறு கொட்டிய இந்த நிலத்தின் சரிவைத் தரங்கம்பாடிப் பயணத்திலேயே பார்க்கலாம். தஞ்சை நகரம் வல்லம் மேட்டின் ஓரத்தில், பழைய கெட்டி நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போகப் போக நிலம் இளசாகிறது. கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர். மயிலாடுதுறை 10 மீட்டர் அளவுதான். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறங்காத இந்தச் சரிவுதான் தண்ணீரை வயலில் நிற்க வைக்கிறது. இதுவே கடலுக்குள்ளும் தொடர்வதால் கப்பல் தொலைவில் நிற்கிறது.

அப்படியானால் காவிரிப்பூம்பட்டினம் எப்படித் துறைமுகமானது? கி.பி. 2ஆம் நூற்றாண்டில், மத்தியதரைக் கடல் துறைமுகமான அலெக்சாந்திரியாவில் இருந்த புவியியலாளர் தாலமி, கபேரிஸ் என்று குறித்துவைக்கும் அளவுக்குப் பேர்பெற்ற துறை அது. விடை அந்த ஊரை ஒட்டிய கீழையூரில் கிடைத்தது. 1960களில் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, பெரிய செங்கற்களால் கட்டிய படகுத் துறை மேடை ஒன்றும் படகு கட்டும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. மரத்தின் வயது கி.மு. 3ஆம், 4ஆம் நூற்றாண்டை ஒட்டியது. அந்த மேடை இருந்தது திறந்த கடலோரத்தில் இல்லை, உள்ளே நீர்க்காலை ஒட்டி. ஆறுதான் துறைமுகம்.

ஆற்றை நம்பிய துறைக்கு ஒரு பலவீனம் உண்டு. அலை ஓயாமல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைக்கும். இந்தக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், ஓதநீர் மட்டும் அந்த மணலைத் தள்ளாது. ஆற்று வெள்ளம் வேண்டும். நம் முன்னோர் அந்த வெள்ளத்தை வயலுக்குத் திருப்பினார்கள். கல்லணை, அதற்குக் கீழே வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு வாய்க்கால் அகலமே இருக்கிறது. தாழ்வான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டு போனதால், 1836இல் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியதும் பாசனத்துக்காகத்தான். துறைமுகம் போனது, சோறு கிடைத்தது. நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

இன்றைய பேரம் அவ்வளவு நல்லதல்ல. 1934 முதல் மேட்டூர் அணை வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கரையைக் கட்டிய மண் வருவது குறைந்தால் கடலின் கை ஓங்கும். தரங்கம்பாடியில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அலை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. கல் கொட்டினாலும் தூண்டில் வளைவு கட்டினாலும் அந்த இடம் பிழைக்கும். ஆனால் கரையோரம் நடக்கும் மணலைக் கல் தடுத்தால் அடுத்த இடம் பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் கரைந்ததும் இப்படித்தான். கோயிலைக் காப்பாற்றத்தான் வேண்டும். பக்கத்துக் குப்பத்துக்காரர்களுக்கும் படகை இழுத்து நிறுத்த மணல் வேண்டுமே.