எல்லாம் உள்ளடங்கிய கடற்கரை விடுமுறை: யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்?

பாடசாலை விடுமுறை நெருங்கினால் போதும், கையடக்கத் தொலைபேசியில் ஹோட்டல் விளம்பரங்கள் வந்து குவியத் தொடங்கிவிடும். ஒரு நீச்சல் தடாகம், இரண்டு தென்னை மரங்கள், கீழே ஒரு விலை. "ஓல் இன்க்ளூசிவ், உள்நாட்டவர்களுக்கு விசேட கட்டணம்" என்று எழுதியிருக்கும். ஒரு தடவை பணம் கட்டினால் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலைத் தேநீர், குளிர்பானம் யாவும் அதற்குள் அடங்கும் என்பது இதன் பொருள். ஒரு காலத்தில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளின் விடயமாக இருந்த இது, இன்று ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வியாபாரி என எமது நடுத்தரக் குடும்பங்களின் பேச்சிலும் வந்துவிட்டது.

நான் கணிதம் கற்பிப்பவன். கண்டி மாவட்டத்தில் வாழும் எமக்குக் கடல் என்பது வேன் பிடித்துப் போகவேண்டிய தூரம். எனவே விடுமுறைக் காலங்களில் ஆசிரியர் ஓய்வறையில் "சேர், இந்த பெக்கேஜ் இலாபமா?" என்று கேட்டு விளம்பரத்தை நீட்டுபவர்கள் அதிகம். அவர்களுக்கு வாயால் சொல்லும் பதிலை இங்கு எழுத்தில் தருகிறேன்.

முதலில் கணக்கு. விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஹோட்டலின் விலையும் அல்ல. கணவன், மனைவி இருவருக்கும் ஓர் இரவுக்கு, காலை உணவு மட்டும் என்றால் 20,000 ரூபா. மூன்று வேளைச் சாப்பாட்டுடன், அதாவது ஃபுல் போர்ட் என்றால் 32,000 ரூபா. ஓல் இன்க்ளூசிவ் என்றால் 40,000 ரூபா.

முதல் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 12,000 ரூபா. அதற்கு இருவருக்கும் பகல், இரவு என நான்கு சாப்பாடுகள் கிடைக்கின்றன. ஒரு சாப்பாடு 3,000 ரூபா ஆகிறது. அதே ஊரின் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் 1,000 ரூபாவுக்கு வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று வைத்துக்கொண்டால், 8,000 ரூபா மேலதிகமாகக் கொடுக்கிறோம். பஃபேயில் பலவகை உணவு உண்டு, வெயிலில் அலையத் தேவையில்லை என்பவற்றுக்கான விலை அது.

ஃபுல் போர்டுக்கும் ஓல் இன்க்ளூசிவுக்கும் இடையிலான 8,000 ரூபாவைத்தான் எமது குடும்பங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்தத் தொகையின் பெரும்பகுதி மதுபானத்துக்கானது. மது அருந்தாத குடும்பத்துக்கு அதில் மிஞ்சுவது சோடா, பழச்சாறு, தேநீர், பிஸ்கட். இவற்றுக்காக நாளொன்றுக்கு 8,000 ரூபா தரும் அளவுக்குக் குடிக்க எவராலும் முடியாது. மற்றவர் குடிப்பதற்கான செலவில் எமது பங்கையும் கட்டிவிட்டு வருகிறோம். சில ஹோட்டல்கள் கேட்டால் மதுபானம் இல்லாத பெக்கேஜுக்குத் தனி விலை தருகின்றன. விளம்பரத்தில் அது இருக்காது. தொலைபேசியில் கேட்க வேண்டும்.

அடுத்தது வரி. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளங்கள் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். சேவைக் கட்டணம் வழமையாக 10 சதவீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். இவ்விரண்டு மாத்திரமே விலையைக் கால்பங்குக்கு மேல் உயர்த்திவிடும். விளம்பரத்தில் 40,000 என்று பார்த்தது பில்லில் 51,000ஐத் தாண்டும். ஆகவே "எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

குடும்பத்தின் அளவும் முக்கியம். இந்த பெக்கேஜ்கள் இரண்டு பெரியவர், ஒன்று அல்லது இரண்டு சிறு பிள்ளைகள் என்ற கணக்கில் போடப்பட்டவை. மூன்று, நான்கு பிள்ளைகளும் உம்மாவும் சேர்ந்து போகும் எமது குடும்பங்களுக்கு இரண்டு அறைகள் தேவைப்படும். பல ஹோட்டல்களில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு முழுக் கட்டணம். சின்னக் கோப்பைச் சோறு சாப்பிடும் மூத்தம்மாவுக்கும் முழுக் கட்டணம்தான்.

விலை குறைவாக இருப்பதற்குப் பருவகாலமும் காரணம். ஒன்பதாம், பத்தாம் தரப் பிள்ளையிடம் கேட்டாலே சொல்லிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது பேருவளை, பெந்தோட்டை, ஹிக்கடுவைக் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் பாசிக்குடா, நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. அப்போது நிலைமை நேர்மாறு. ஓகஸ்ட் விடுமுறையில் பெந்தோட்டையில் மலிவு விலை கிடைப்பதும், டிசம்பரில் பாசிக்குடாவில் மலிவு விலை கிடைப்பதும் இதனால்தான். இறங்கிக் குளிக்க முடியாத கடலுக்குப் பக்கத்து அறையை மலிவாகத் தருகிறார்கள். நீச்சல் தடாகமும் ஓய்வும் போதும் என்பவருக்கு அது நல்ல பேரம். கடலில் கால் நனைக்கவென்று பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவருக்கு அது வீண் செலவு. சிவப்புக் கொடியை மதிக்காவிட்டால் ஆபத்தும் கூட.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரு பக்கக் கடல்களும் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரலிலும் 2025இல் மார்ச் இறுதியிலும் வந்தது. நோன்புக்காக விடுமுறை விடப்படும் முஸ்லிம் பாடசாலைகளின் குடும்பங்களுக்குப் பெருநாளை அடுத்த வார நாட்கள் வாய்ப்பானவை. சித்திரைப் புத்தாண்டு நெரிசலையும் போயா தினத்தோடு சேரும் நீண்ட வாரஇறுதிகளையும் தவிர்த்தால் விலையும் இறங்கும்.

பணம் கட்டுமுன் கேட்டுத் தெளிய வேண்டிய வேறு சில விடயங்களும் உண்டு. கோழியும் மாட்டிறைச்சியும் ஹலால் என்று பொதுவாகச் சொல்வார்கள். பன்றியிறைச்சிக்குத் தனிச் சமையல் பாத்திரமும் பரிமாறும் கரண்டியும் உண்டா, இனிப்புப் பண்டங்களில் மது சேர்க்கப்படுகிறதா என்று தனித்தனியாகக் கேட்டால்தான் சரியான பதில் வரும். நீச்சல் தடாகத்தில் எந்த ஆடைக்கு அனுமதி என்பதையும் கேளுங்கள். உடலை மறைக்கும் நீச்சல் உடையை அனுமதிக்கும் இடங்களிலும் சாதாரணத் துணியாடையுடன் இறங்க விடமாட்டார்கள். அங்கு போய் எமது பெண்கள் கரையில் நின்று பிள்ளைகளின் துவாயைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கா இத்தனை செலவு? படகுச் சவாரி, நீர் விளையாட்டு போன்றவை பெரும்பாலும் பெக்கேஜுக்கு வெளியே. நிலாவெளியில் தங்கி புறாத்தீவுக்குப் போக நினைத்தால் படகுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் வேறாகப் பணம் வேண்டும்.

இன்னொரு நட்டம் பில்லில் தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியவர் மதிலைத் தாண்டி வெளியே வருவதில்லை; வெளியே சாப்பிட்டால் காசு வீண் என்று மனம் சொல்லும். பாசிக்குடாவுக்குப் போனவர் ஓட்டமாவடிக் கடையில் ஒரு தேநீர் குடிக்காமலும், பேருவளைக்குப் போனவர் கெச்சிமலைப் பள்ளிவாசலைப் பார்க்காமலும் திரும்புகிறார். இளநீர் விற்பவருக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் அவரால் ஒரு சதமும் கிடைப்பதில்லை. "கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும்" என்று கோப்பையை நிரப்பிவிட்டுப் பாதியை விட்டெழும்புவதை எந்த பஃபேயிலும் பார்க்கலாம். அந்த வீண்விரயத்துக்கு மார்க்கத்தில் என்ன இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் கூட்டிக் கழித்து "நட்டம்" என்று நான் சொன்னபோது, எம்மோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் என்னை மறித்தார். "சேர், எனக்குக் கடலும் வேண்டாம், பஃபேயும் வேண்டாம். ரெண்டு நாளைக்கு அடுப்படியைப் பார்க்காமல் இருந்தால் போதும்" என்றார்.

அவர் சொன்னதை என் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. எமது வழமையான சுற்றுலா எப்படி நடக்கிறது? வேனில் சஹன், பாய், கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை ஏறும். சுபஹுக்கு முன்னரே பெண்கள் எழும்பி இறைச்சி ஆக்குவார்கள். போன இடத்திலும் அவர்களே பரிமாறி, அவர்களே கழுவி, ஆண்களும் பிள்ளைகளும் கடலில் இருக்கும்போது பொதிகளுக்குக் காவல் இருப்பார்கள். வீடு திரும்பியதும் மணல் படிந்த உடுப்புகள் காத்திருக்கும். "செலவு குறைவு" என்று நாம் பெருமைப்படும் அந்தப் பயணத்தில் குறைந்த செலவை உழைப்பாக ஈடுசெய்பவர்கள் அவர்கள்தான். நான் மேலே சொன்ன 8,000 ரூபா ஆடம்பரமா, ஒரு தாயின் இரண்டு நாள் ஓய்வா என்பது அந்த வீட்டில் சமைப்பவர் சொல்ல வேண்டிய பதில்.

ஆகவே என் பரிந்துரை இது. கைக்குழந்தை, முதியவர், வேலைக்குப் போகும் தாய் உள்ள குடும்பம் என்றால், சரியான பருவகாலத்தில், வார நாட்களில், இரண்டு இரவுகளுக்கு ஃபுல் போர்ட் எடுங்கள். மது அருந்தாத நமக்கு ஓல் இன்க்ளூசிவ் வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளைகளுடன் ஊர் சுற்றப் போகிறவர்கள் காலை உணவுடன் மட்டும் சிறிய விருந்தினர் விடுதியில் தங்கி வெளியே சாப்பிடுங்கள். செலவும் குறையும், ஊரையும் பார்க்கலாம். இரண்டுக்கும் வசதி இல்லாதவர்கள் வழமைபோல் வேனில் போங்கள், குறையொன்றுமில்லை. ஆனால் பகல் சாப்பாட்டை அங்குள்ள கடையில் சொல்லி எடுங்கள், சட்டிபானையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கடன் அட்டையில் தவணை போட்டு மட்டும் போகாதீர்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பன்னிரண்டு மாதம் கவலைப்படுவது எந்தக் கணக்கிலும் இலாபமாகாது.