தட்டானும் குளமும்

சேலம் ஜில்லாவில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், சேர்வராயன் கோயில் இருக்கின்றது. மழை ஓய்ந்த மாலைகளில் இம்மலை மேலும், கீழே ஏற்காட்டு ஏரிக் கரையிலும், சமவெளி வயல்களிலும் தட்டான்கள் பறப்பதைக் காணாதார் இலர். சிறுவர் அதன் வாலில் நூல் கட்டி விளையாடுவர். பெரியோர் அது தாழப் பறந்தால் மழை வருமென்பர். ஆயினும் இச்சிறு பிராணி நமக்குச் செய்யும் ஊழியத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

பொன்மஞ்சள் நிறமுள்ள தட்டான் இனமொன்றுக்கு 1798-ம் வருஷத்தில் பாப்ரிஷியஸ் என்னும் டேனிஷ் பண்டிதர் சாஸ்திரப் பெயரிட்டார். இது இந்தியாவினின்று மாலத் தீவுகள் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரையில் காற்றின் துணைகொண்டு கடல் கடக்கிறது என்பதற்குரிய ஆதாரங்களைச் சார்லஸ் ஆண்டர்ஸன் என்பார் 2009-ல் வெளியிட்டார். இத்தகைய பெரும் பிரயாணிக்கும் பிறப்பிடம் குளமும் குட்டையுமே.

முட்டையினின்று வெளிப்படும் குஞ்சு ஜலத்திலேயே வளர்கின்றது. மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைத் திடீரென நீட்டி, கொசுப் புழுக்களைக் கவ்வித் தின்னும். உடலின் பின்புறத்தால் நீரை இழுத்து வேகமாய் வெளியேற்றி, அவ்விசையாலே முன்னே பாயும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் செடித்தண்டில் ஏறித் தோலை உரித்துச் சிறகு பெறும். பின்னர் ஆகாயத்திலும் கொசு வேட்டையை விடுவதில்லை.

கொசு பெருகுகிறதென்று சொல்லிக் குளத்தைத் தூர்ப்பாரும், அதில் விஷ மருந்தைக் கொட்டுவாரும் இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். கொசுவுக்குக் கொட்டாங்கச்சியில் தேங்கிய நீரும், பழைய டயரில் நின்ற நீரும் போதும். பத்து நாளில் அது பறந்துவிடும். தட்டானுக்கோ வாரக்கணக்கில் வற்றாத நீர்நிலை வேண்டும். ஆகவே குளத்தை அழித்தால் காவலாளி மாள்வான். கள்வனோ வேறு வீடு தேடிப் பிழைத்துக்கொள்வான். 1897-ல் ஸிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டறிந்தது முதல், அக்கள்வனின் கொடுமை உலகறிந்ததே. டெங்கு ஜுரமும் கொசுவாலேயே பரவுகின்றது.

தட்டான் ஒன்றே கொசுவை ஒழித்துவிடுமென்று நாம் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை அகற்றுவது ஒவ்வொரு குடும்பத்தாரின் கடமை. குளத்தைத் தூர்க்காமலும் விஷமிடாமலும் காப்பது ஊராட்சியாரின் கடமை. இவ்விரண்டையும் வற்புறுத்துவது பொதுஜன ஊழியர்களின் வேலையாகும். மேடையில் சுகாதாரம் பேசுவோர் தம் ஊர்க் குளக்கரைக்கு ஒருமுறை சென்று பார்ப்பாராக. அங்கே தட்டான் பறக்குமாயின், கூலி கேளாத ஊழியன் ஒருவன் உழைத்துக்கொண்டிருக்கிறான் என்று அறிக.