மரப்பொம்மை சொன்ன சாட்சி

மரத்தில் செதுக்கிய பொம்மை மேடைக்கு வருகிறது. அதை ஆட்டும் இருவரும் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை, பக்கத்திலேயே நிற்கிறார்கள். பொம்மை தன் துயரத்தைத் தாய்மொழியில் சொல்லச் சொல்ல, அவர்கள் பார்வை அதன் முகத்திலேயே நிலைத்திருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதையே ஆங்கிலத்தில் சொல்கிறார்.

1997-இல் தென்னாப்பிரிக்காவில் உருவான 'உபுவும் உண்மை ஆணையமும்' நாடகம் இது. எழுதியவர் ஜேன் டெய்லர். பொம்மைகள் ஹேண்ட்ஸ்பிரிங் குழுவினுடையவை. இயக்கியவர் வில்லியம் கென்ட்ரிட்ஜ். 1955-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஓவியர். 1977-இல் காவலில் இறந்த போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்துக்காக விசாரணையில் வாதாடிய வழக்கறிஞர் சிட்னி கென்ட்ரிட்ஜின் மகன்.

நிறவெறி ஆட்சி முடிந்த பின், 1996-இல் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையம் அமர்வுகளைத் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் அங்கே கொட்டிய வார்த்தைகளைத்தான் பொம்மைகள் பேசுகின்றன. ஆனால் கொடுமை செய்த பாத்திரமான உபுவோ ரத்தமும் சதையுமான நடிகர்!

ஏன் இப்படி? பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக ஒரு நடிகை அழுதால், அவர் நடிப்பைத்தான் மெச்சுவோம். மரப்பொம்மை நான்தான் அந்தத் தாய் என்று ஏமாற்றாது. அவள் சொல்லைச் சுமந்து வருவதோடு சரி. அந்தப் பணிவில்தான் அவளுக்கான மரியாதை இருக்கிறது.

இரவு வேட்டை முடிந்து வீடு திரும்பும் உபு, உடம்பில் ஒட்டிய கொலைகளைக் கழுவுவது எங்கே தெரியுமா? மொழிபெயர்ப்பாளர் நின்ற அதே கண்ணாடிக் கூண்டில்! ஆவணங்களை அவன் முதலைப் பொம்மையின் வாயில் திணிக்கிறான். இது வெறும் கற்பனை அல்ல. 1993-இல் தேசிய உளவுத்துறைத் தலைமையகத்தில் மட்டும் சுமார் 44 டன் ஆவணங்கள் அழிக்கப்பட்டதை ஆணையத்தின் அறிக்கையே சொல்கிறது.

ஆனால் அழித்தாலும் தடம் மிஞ்சும் என்பதை இயக்குநரின் ஓவியமுறையே காட்டும். கென்ட்ரிட்ஜ் கரியால் வரைந்து, படம்பிடித்து, அதையே அழித்து, அதன்மேல் மறுபடி வரைந்து அசையும் படங்களை உருவாக்குபவர். எவ்வளவு தேய்த்தாலும் பழைய கோட்டின் சாம்பல் தடம் தாளில் தங்கிவிடும். 1999-இல் அவர் எடுத்த 'நிழல் ஊர்வலம்' படத்தில், கிழித்த கறுப்புத் தாளில் செய்த மனிதர்கள் மூட்டை முடிச்சுகளோடு வரிசையாக நடக்கிறார்கள். அவர்களுக்கு முகமில்லை. ஆனால் முதுகின் வளைவே சுமையின் எடையைச் சொல்லிவிடுகிறது.

காகிதத்தை எரித்துத் தப்பிக்க நினைத்தது ஓர் அரசு. காகிதத்தையும் மரத்தையும் கொண்டே அதற்கு எதிராகச் சாட்சிகளை எழுப்பினார் இந்தக் கலைஞர்.