உஷார்! நெஞ்சு வலிக்கு நாக்கடியில் சீன மாத்திரையா?

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் வீட்டு அலமாரியில் சுரைக்குடுவை வடிவத்தில் சின்னப் பீங்கான் குப்பி இருக்கிறதா? உள்ளே கடுகு போன்ற உருண்டைகளா? அது சுசியாவ் ஜியுசின் வானாக இருக்கலாம். நெஞ்சு வலித்தால் நாக்கடியில் நாலைந்து போட்டுக்கொள்ளும் சீன மூலிகை மருந்து அது. போட்டுவிட்டு, "வெறும் வாயுதான்" என்று மட்டும் படுத்துவிடாதீர்கள்!

அந்த மருந்தே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 2008-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 15 சோதனைகளை, 1,776 நோயாளிகளின் விவரங்களை அலசினார்கள். வலி குறைவதாகத்தான் தெரிந்தது. ஆனால், சோதனைகள் நடத்தப்பட்ட விதமே சரியில்லை, ஆதாரம் பலவீனம் என்றும் எழுதிவைத்தார்கள். அந்தப் பின்பாதியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

இன்னொரு மருந்து தோங்சின்லுவோ. ஜின்செங்கோடு அட்டை, தேள், பூரான் எல்லாம் சேர்ந்தது. 2023-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த சீன ஆய்வில், மாரடைப்பு வந்த 3,777 பேரில் இதைச் சாப்பிட்டவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 5.2 விழுக்காட்டினருக்கும் 30 நாளில் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் நேர்ந்தன. நல்ல சேதிதான். ஆனால் கவனியுங்கள்: அத்தனை பேருமே மருத்துவமனையில், முறையான இதய சிகிச்சையும் பெற்றவர்கள். வீட்டில் படுத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் நம்பியவர்கள் அல்லர்.

மருந்துக் குப்பியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி-யில் முடியும் பதிவு எண் இருந்தால், பாரம்பரிய மருந்தாகப் பதிவாகியிருக்கிறது என்றுதான் பொருள்; மாரடைப்பை நிறுத்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இதய நோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்வதையே மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. நெஞ்சு வலி மருந்துகள் பலவற்றில் சேரும் டான்ஷென் வேர், வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். சீன வைத்தியரான சின்சேயிடம் வாங்கியதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலியே பெரிதாகத் தெரியாமலும் மாரடைப்பு வரும். குப்பென்று வியர்வை, தாடையிலோ இடது கையிலோ இழுப்பு, மூச்சுத் திணறல் என்றால் தாமதிக்காதீர்கள். அடைப்பு நீங்கும்வரை இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். நீங்களே கார் ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.