கடைப் பையனின் இராச்சாப்பாடு யார் கணக்கில்?

கடை வாடகை, மின்சாரம், லொறிக் கூலி, சம்பளம் என்று எல்லாச் செலவுக்கும் நமது கணக்குக் கொப்பியில் ஓர் இடமிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து நம்மிடம் வேலை செய்யும் பையன் இரவில் என்ன சாப்பிடுகிறான் என்பதற்கு மட்டும் அநேகமான கடைகளில் இடமில்லை. அது அவனுடைய பாடு என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பாட்டைப் பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டு கிழக்கிலிருந்து பதுளைக்கு வந்து, பஜாரில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தேன். மேல்மாடியில் நான்கு பேருக்கு ஓர் அறை. கீழே கடை முழுக்கத் துணி. ஆகையால் அடுப்பு மூட்டக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. அதில் நியாயமும் இருந்தது.

பகலில் கஷ்டம் தெரியவில்லை. கச்சேரிக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பஸ்ஸில் இறங்கியவர் என்று ஊரே சாப்பிடும் நேரம் அது. சோற்றுப் பார்சல் மலிவாகக் கிடைக்கும். இரவில்தான் பிரச்சினை. சோறு முடிந்துவிடும். மிஞ்சியிருப்பது கொத்து ரொட்டியும் பராட்டாவும்தான். மாதத்தில் 10ஆம் திகதியை ஒட்டித் தோட்டங்களில் சம்பளம் போடுவார்கள். அந்த நாட்களில் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் துணிமூட்டையுடன் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்பினால் அதுவும் கிடைக்காது. மலைநாட்டுக் குளிரில் ஒரு பணிஸும் பிளேன் டீயும்தான்.

ரமழான் மாதத்தில் மட்டும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். மற்றப் பதினொரு மாதமும் ஹோட்டல் கொப்பியில் எழுதிவிட்டுச் சாப்பிட்டோம். கடனுக்குச் சாப்பிடுகிறவன் விலை கேட்பதில்லை. மாத முடிவில் என் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அந்தக் கொப்பிக்கே போனது. ஊருக்கு உம்மாவுக்கு அனுப்பும் பணம் மாதத்துக்கு மாதம் குறைந்தது.

என்னுடன் இருந்த ஒரு நானா காசை மிச்சம் பிடிக்க எண்ணி, இரவில் வெறும் தேநீருடன் படுத்துவிடுவார். இரண்டு வருடத்தில் வயிற்றுப் புண் வந்து ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள்தான் இருந்தது. அவர் போனதும் தோட்டக் கடனில் பெரும் பகுதி வசூலாகவில்லை. ஒரு வேளை ரொட்டிக்கும் பருப்புக்கும் கணக்குப் பார்த்த முதலாளிக்கு எவ்வளவு நஷ்டம் என்று சிந்தித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது. நகரத்தை ஒட்டிய தோட்ட லயம் ஒன்றில் வசித்த ஓர் அக்கா, வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். விலையைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டபோது அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

“தம்பி, எத்தனை பேருன்னு முன்னாடியே சொல்லிட்டா நான் கொறச்சுப் போடலாம். ரெண்டு ரொட்டி மிஞ்சினா அந்தக் காசையும் உங்ககிட்டதானே வாங்கணும்?”

பெரிய படிப்புப் படித்தவர்களும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். இரவுச் சாப்பாடு விலை கூடுவதற்கு மாவின் விலை மட்டும் காரணமல்ல. எத்தனை பேர் வருவார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது. மிஞ்சுவது, வெளிச்சம், வாடகை, ஆள்கூலி எல்லாவற்றையும் வந்தவர் தலையிலேயே போட வேண்டியிருக்கிறது.

நான்கு கடைகளிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். சம்பளம் கிடைத்த அன்றே ஒரு மாதக் காசை முன்கூட்டியே கொடுத்தோம். அதைக் கொண்டு அக்கா மாவையும் பருப்பையும் மொத்த விலையில் வாங்கினார். ஒருவருக்கு மூன்று ரொட்டி, பருப்புக் கறி, தேங்காய்ச் சம்பல். வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டை. மரக்கறியும் முட்டையும் என்பதால் எங்களுக்கும் தயக்கமிருக்கவில்லை. ஏழு மணிக்கு அவருடைய மகன் சைக்கிளில் கொண்டு வருவான். கொத்து ரொட்டி விலையில் பாதிகூட ஆகவில்லை. அக்காவுக்கும் மாதாமாதம் நிச்சயமான வருமானம்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்த நம்மவர்களுக்கு மெஸ் முறை நன்கு தெரியும். மும்பையில் 1890ஆம் ஆண்டு முதல் டப்பாவாலாக்கள் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குச் சுமக்கிறார்கள். யாருக்கு எத்தனை என்பது அங்கே முன்பே தெரிந்திருக்கிறது. சென்னையில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் மாலையில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் மூன்று ரூபாவுக்குக் கொடுத்தார்கள். அதற்கு அரசாங்கத்தின் பணம் வேண்டும். டப்பாவாலா முறைக்கு ஒழுங்கான கணக்கு இருந்தால் போதும்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. எரிவாயு இல்லாமல் எத்தனையோ சாப்பாட்டுக் கடைகள் மூடின. அப்போது நான் சொந்தமாகக் கடை வைத்திருந்தேன். என்னுடைய மூன்று பையன்களுக்கும் அந்த அக்காவின் மருமகள்தான் பார்சல் அனுப்பினார். விறகடுப்பு என்பதால் அது ஒரு நாளும் நிற்கவில்லை. மூன்று ரொட்டி இரண்டானது. முட்டை நின்றது. ஆனாலும் பையன்கள் பசியோடு படுக்கவில்லை, கடையை விட்டுப் போகவுமில்லை.

இப்படி ஒருவர் கிடைக்காத இடத்தில் தங்கியிருக்கும் தம்பிமார், அடுப்பில்லாமலே சமாளிக்கலாம். காலையில் பயறை ஊறவைத்தால் இரவுக்கு மென்மையாகிவிடும். ஊறிய அவலும் தேங்காய்ப்பூவும் சீனியும் வயிற்றை நிரப்பும். பாணுடன் டின் மீனை வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்து இரண்டு பேர் பங்கிடலாம். தேநீர்க் கடையில் பிளாஸ்க்கில் சுடுநீர் வாங்கி வைத்தால் சமபோஷவைக் குழைத்துச் சாப்பிடலாம். பகல் பார்சலை இரவுக்கு வைத்துச் சாப்பிட வேண்டாம். கெட்டுப்போன கறி மருந்துச் செலவைத்தான் கொண்டு வரும்.

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். அறையில் அடுப்பு வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. அப்படியானால் அந்தச் சாப்பாட்டுக்கு வழி காட்டுவதும் உங்கள் பொறுப்பு. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேருடன் பேசுங்கள். தலைகளை எண்ணுங்கள். சமைத்துக் கொடுக்கக்கூடிய ஒரு குடும்பத்தைத் தேடி, முற்பணத்தை நீங்களே கொடுத்து, பாதியைச் சம்பளத்தில் கழியுங்கள்.

என் கொப்பியில் வாடகைக்கு அடுத்த வரி ‘இராச்சாப்பாடு’. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது அந்த வரி எனக்குப் பாரமாகத் தெரிந்ததில்லை. என் பையன்களில் ஒருவர் பதினோராவது வருடமாக என்னுடன் இருக்கிறார். தோட்டக் கடன் கொப்பி இப்போது அவர் கையில்தான்.