விக்டஸ், ஓமன், ஹைப்பர்எக்ஸ்... ஹெச்.பி. லேப்டாப்ல எது யாருக்கு? நம்ம ஊர்ல செஞ்சா விலை குறையுமா?

வல்லம் வடகால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்... இந்தப் பெயர்கள் செய்தியில் வந்தாலே ஐபோன், கார், டிவி என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டபோதும் பேச்சு முழுக்க ஐபோன் பற்றித்தான். ஆனால் இதே பகுதியில் லேப்டாப்பும் தயாராகிறது. டெல் நிறுவனம் 2007-லேயே ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. ஹெச்.பி. தனக்கென்று ஆலை கட்டாமல், ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் தன்னுடைய லேப்டாப்களைத் தயாரிக்க வைக்கிறது.

சரி, கேள்விக்கு வருவோம். வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இன்ஜினியரிங் சேர்ந்திருப்பார்கள். "கேமிங் லேப்டாப் தான் வேணும், கோடிங்குக்கும் அதுதான் நல்லது" என்று ஒரே பிடிவாதம். இஎம்ஐ கட்டப் போவது வேலைக்குப் போகிற அண்ணனோ அக்காவோ. 70, 80 ஆயிரம் ரூபாய் என்பது பல பேருக்கு மூணு, நாலு மாசச் சம்பளம். கடையில் போய் நின்றால் ஒரே கம்பெனியில் பத்துப் பெயர். இதுல எதை வாங்குறது?

பெயர்க் குழப்பம்

முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம். ஹெச்.பி. லேப்டாப்களை மூன்று குடும்பமாகப் பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

அலுவலகங்களுக்கானவை எலைட்புக், புரோபுக். கனமான வடிவமைப்பு மென்பொருள் வேலைகளுக்கு இஸட்புக். வீட்டுக்கும் படிப்புக்கும் முன்பு பெவிலியன், என்வி, ஸ்பெக்டர் என்று மூன்று பெயர்கள் இருந்தன. 2024 மே மாதம் இந்தப் பெயர்களைக் கைவிட்டு, இனி வருபவை எல்லாம் ஆம்னிபுக் என்று ஹெச்.பி. அறிவித்தது. ஆம்னிபுக் 3, 5, 7, எக்ஸ், அல்ட்ரா என்று எண் ஏற ஏற தரமும் விலையும் ஏறும். பழைய ஸ்டாக் இருக்கும் கடைகளில் பெவிலியன் இன்னும் கிடைக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் புது மாடல் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது குடும்பம்தான் நம்ம விஷயம், கேமிங். இதில் விக்டஸ் 2021-ல் வந்தது, பட்ஜெட் ரகம். அதற்கு மேலே ஓமன். (வளைகுடா நாடு இல்லைங்க. சகுனம் என்று பொருள் வரும் ஆங்கிலச் சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.)

விக்டஸ் 15 பெரும்பாலும் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். உடல் பிளாஸ்டிக், திரை சுமார். ஆனால் ரேம் போடுவதற்கு இரண்டு இடம் இருக்கிறது, பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ஓமன் 16 வாங்கினால் குளிர்விக்கும் அமைப்பும் திரையும் ஒரு படி மேலே. ஓமன் டிரான்ஸ்சென்ட் 14 சுமார் 1.6 கிலோதான், தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு நல்லது. ஒரு குறை, அதில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. வாங்கும்போது என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். ஓமன் மேக்ஸ் 16 லட்சங்களில் விலை போகும் ரகம், மாணவர்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

பெட்டியில் பெரிதாகப் போடாத எண்

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் 'ஆர்டிஎக்ஸ் 4050' என்று இருக்கும். அதே ஆர்டிஎக்ஸ் 4050 இன்னொரு லேப்டாப்பிலும் இருக்கும், பத்தாயிரம் குறைவாக. இரண்டும் ஒன்றா? இல்லை.

லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனி முடிவு செய்யும். ஆர்டிஎக்ஸ் 4050-க்கு என்விடியா வைத்திருக்கும் எல்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஒல்லியான உடலில் வெப்பம் வெளியேற இடம் இல்லாததால் குறைந்த வாட் கொடுப்பார்கள், வேகம் அதற்கேற்ப இறங்கும். மேல் ரக சிப்பைக் குறைந்த வாட்டில் ஓட்டினால், கீழ் ரக சிப்பை முழு வாட்டில் ஓட்டும் லேப்டாப் அதை நெருங்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

இதைக் கடையிலேயே சரிபார்க்கலாம். டெமோ மிஷினில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' போனால், அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று காட்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பாருங்கள்.

அடுத்தது கிராபிக்ஸ் நினைவகம். ஆர்டிஎக்ஸ் 2050-ல் 4 ஜிபி, 4050-ல் 6 ஜிபி, 5050, 5060-ல் 8 ஜிபி. புது கேம்களுக்கு 4 ஜிபி பத்தாது. ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கணும் என்கிற மாணவர்களுக்கு இந்த எண்தான் முக்கியம். வெறும் கோடிங், ஆன்லைன் வகுப்பு, ரிப்போர்ட் எழுதுவது மட்டும்தான் என்றால் தனி கிராபிக்ஸே வேண்டாம். தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கும் லேப்டாப்பே (ஏசர், டெல், ஹெச்.பி. நிறுவனத் தயாரிப்புகள், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி) அதற்குப் போதும். அது கைக்கு வந்திருக்கிற வீட்டில் இன்னொன்று வாங்கும் முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

புது மாடல் வருதாமே, காத்திருக்கலாமா?

2026 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் ஹெச்.பி. தன் கேமிங் பிரிவை ஹைப்பர்எக்ஸ் என்ற பெயரின் கீழ் கொண்டுவருவதாகச் சொன்னது. ஹெட்செட், கீபோர்டு வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த பெயர்தான் ஹைப்பர்எக்ஸ். 2021-ல் கிங்ஸ்டனிடமிருந்து ஹெச்.பி. வாங்கிய பிராண்ட். இனி வரும் லேப்டாப்கள் 'ஹைப்பர்எக்ஸ் ஓமன்' என்ற பெயரில் வரும். அதில் உச்சத்தில் இருப்பது ஹைப்பர்எக்ஸ் ஓமன் மேக்ஸ் 16. ஆர்டிஎக்ஸ் 5090 வரை போடலாம், பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்து 300 வாட் வரை மின்சாரம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 80 ஆயிரம் பட்ஜெட்காரருக்கு இதனால் எதுவும் மாறப் போவதில்லை. அவருடைய பிரச்சினை வேற, ரேம் விலை.

ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சிப்கள் மொத்தமாகப் போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியது. நினைவகம் தயாரிக்கும் மைக்ரான், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் விற்பனையையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம் ஹெச்.பி. நிறுவனமே, ஒரு கம்ப்யூட்டரின் தயாரிப்புச் செலவில் 15 முதல் 18 சதவீதம் நினைவகத்துக்குப் போகிறது என்றும், விலையை உயர்த்த வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. 'கொஞ்ச நாள் பொறுத்தா பழைய மாடல் விலை இறங்கும்' என்ற நம்ம வழக்கமான கணக்கு இப்போது பலிக்காமல் போகலாம். தேவை இருக்கிறது, 16 ஜிபி ரேமோடு ஒரு விக்டஸ் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கிறது என்றால் புதுப் பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். '8 ஜிபி வாங்கிட்டு அப்புறம் கூட்டிக்கலாம்' என்ற யோசனையும் இப்போது செலவு கூடும் வழிதான்.

நம்ம ஊர்ல செய்றாங்களே, விலை குறையாதா?

நியாயமான கேள்வி. வாசலில் ஆலை இருந்தும் விலை ஏன் இறங்கவில்லை?

உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-லேயே சேர்ந்துவிட்டது. அதன்படி வெளிநாட்டிலிருந்து வரும் லேப்டாப்புக்கு அடிப்படைச் சுங்க வரி இல்லை. ஜிஎஸ்டி இரண்டுக்கும் ஒரே 18 சதவீதம். ஆகவே உள்ளூரில் செய்ததற்கு வரியில் தனிச் சலுகை இல்லை. பிராசஸர், கிராபிக்ஸ் சிப், ரேம் எல்லாம் வெளியிலிருந்துதான் வருகின்றன. இங்கே நடப்பது பெரும்பாலும் பொருத்துவது, சோதிப்பது, பெட்டியில் அடைப்பது.

அப்படியென்றால் கம்பெனிகள் ஏன் இங்கே வருகின்றன? வரியைக் கூட்ட முடியாத மத்திய அரசு வேறு வழிகளைப் பிடித்தது. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைக்கு 2023 மே மாதம் 17,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நவம்பரிலிருந்து அனுமதி முறையாகத் தளர்த்தியது. இன்னொரு காரணம் அரசு டெண்டர். உள்ளூர்ப் பொருளுக்கு அரசுக் கொள்முதலில் முன்னுரிமை உண்டு. 2021-ல் ஸ்ரீபெரும்புதூரில் தயாராவதாக ஹெச்.பி. சொன்ன பட்டியலில் எலைட்புக், புரோபுக் என அலுவலக ரகங்கள் முன்னால் நின்றதும் இதனால்தான் புரிகிறது.

2024-ல் டிக்ஸன் குழுமத்தின் பேட்ஜெட் நிறுவனத்தோடும் ஹெச்.பி. ஒப்பந்தம் போட்டது. ஒரகடத்தில் லேப்டாப் தயாரிக்க டிக்ஸன் 2025-ல் தமிழ்நாடு அரசோடு 1,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. சொன்ன வேலைவாய்ப்பு 5,000. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் லாபம் இப்போதைக்கு இந்த வேலைகள்தான், கடை விலையில் இல்லை.

நீங்கள் வாங்கும் விக்டஸோ ஓமனோ எங்கே செய்தது என்று தெரிய வேண்டுமா? பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரிப்பு நாடு, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை மூன்றும் இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் பொருளின் விவரப் பகுதியில் 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்' என்ற வரியைப் பாருங்கள். தயாரித்த மாதத்தையும் கவனியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் தூங்கிய லேப்டாப் என்றால், பில் போடும் தேதியிலிருந்து வாரண்டி கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஹெச்.பி. இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுச் சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.