பின் சக்கரம் முந்திக்கொள்ளக் கூடாது

ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இன்னொரு டீயும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

அமெரிக்காவில் 1984 முதல் 2001 வரை விற்ற ஜீப் செரோக்கி ஒன்று உண்டு. எக்ஸ்ஜே என்பார்கள். பெட்டி மாதிரி உடம்பு. அதில் வந்த 4 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சின் உழைப்புக்குப் பேர்போனது. குறை பின்னால்தான். பல வண்டிகளில் டானா 35 என்ற ஆக்ஸில் இருக்கும். பெரிய டயரைப் போட்டுப் பாறைமேல் ஏற்றினால் அதன் ஷாஃப்ட் முறிந்துவிடும். அதனால் அங்குள்ளவர்கள் வண்டி உடைக்கும் யார்டுகளில் 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரைத் தேடி, அதன் பின் ஆக்ஸிலைக் கழற்றி ஜீப்பில் மாட்டுகிறார்கள். அதன் பின் ஆக்ஸிலில் கிரவுன் வீல் 8.8 அங்குலம், ஷாஃப்ட் முனையில் 31 பல், டானாவில் 27தான். இரண்டு வண்டிக்கும் சக்கரத்தில் 5 போல்ட், அதே 4.5 அங்குல வட்டம். அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடவே டிஸ்க் பிரேக்கும் வந்துவிடுகிறது.

காசு கொடுக்குமுன் பல் விகிதத்தைப் பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு பல்லைத் தின்னும். 4 லிட்டர் ஆட்டோமேட்டிக் செரோக்கியில் பெரும்பாலும் 3.55 இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் 3.55, 3.73, 4.10 எல்லாம் கிடைக்கும். ஹவுசிங் மூடியின் போல்ட்டில் தொங்கும் சின்னத் தகட்டில் 3L73 என்றிருந்தால் விகிதம் 3.73, நடுவில் உள்ள எல் லிமிடெட் ஸ்லிப் வகை என்பதற்கு. அந்த வகைக்குக் கியர் ஆயிலோடு அதற்கென்று உள்ள மருந்தையும் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் வளைவில் திரும்பும்போது கடகடவென்று அதிரும்.

வெல்டிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ப்ளோரரின் குழாய் 3.25 அங்குலம், ஜீப்பினுடையதைவிடப் பருமன். ஸ்பிரிங் பட்டை உட்காரும் பழைய மேடைகளை அறுத்துவிட்டுப் புதியவற்றை வைக்க வேண்டும். யு போல்ட்டும் புதிது. முதலில் பொட்டு வைத்தாற்போல் வெல்டு செய்து, வண்டியின் பாரம் முழுக்கப் பட்டைமேல் இறங்கியபிறகு பினியனின் சாய்வை அளந்து பார்த்து, அதற்கப்புறமே முழு வெல்டு. அதையும் ஒரே மூச்சில் ஓட்டாமல் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக. சூட்டில் குழாய் வளைந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

இவ்வளவும் முடிந்து வண்டி தரையில் நின்றதும் வேலை முடிந்தது என்று பலர் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கவலை தொடங்குவது அங்கேதான்.

பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின் டயர் தரையைப் பிடிக்கும் பிடி தளர்கிறது. அந்த நேரத்தில் பின் சக்கரம் முதலில் ஜாம் ஆனால், வண்டியின் வால் பக்கவாட்டில் ஓடி முன்னுக்கு வரப் பார்க்கும். முன் சக்கரம் முதலில் ஜாம் ஆனால் திரும்பாதே தவிர, வண்டி நேராகவாவது போகும். இதனால்தான் தொழிற்சாலையிலேயே பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு வைக்கிறார்கள். செரோக்கியில் அந்த வால்வு அதன் பின்பக்க டிரம் பிரேக்குக்காகக் கணக்குப் போட்டு வைத்தது.

டிரம்மில் ஷூ தொட்டதும் டிரம்மின் சுழற்சியே ஷூவை இன்னும் உள்ளிழுத்து அழுத்தும். குறைந்த அழுத்தம் போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. பழைய வால்வையே விட்டுவைத்தால் பின்பக்கம் சரியாகப் பிடிக்காமல், டிஸ்க் போட்டும் பலனில்லையே என்று தோன்றும். அந்த எரிச்சலில் வால்வையே கழற்றி எறிந்தால் ஈரச் சாலையில் பின் சக்கரம் முந்திக்கொள்ளும். இரண்டும் தப்பு, இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

வழி இருக்கிறது. பின்னாலும் டிஸ்க்கோடு வந்த கிராண்ட் செரோக்கியின் வால்வைப் பொருத்துகிறார்கள். அல்லது கையால் திருகிச் சரிசெய்யும் வால்வைப் பின்பக்கக் குழாயில் போடுகிறார்கள். திருகு வால்வால் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே முடியும், கூட்ட முடியாது. ஆகவே பழைய வால்வின் குறைப்பை நீக்காமல் இதையும் சேர்த்தால் இரண்டு முறை குறையும். மாஸ்டர் சிலிண்டரையும் பாருங்கள். கேலிப்பர் பிஸ்டனுக்கு டிரம்மின் வீல் சிலிண்டரைவிட அதிக ஆயில் வேண்டும். பெடல் ஆழமாக இறங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம். ஆனால் அதற்குமுன் ஏர் முழுக்க எடுத்தாயிற்றா என்று பாருங்கள். கேலிப்பர் இடம் வலம் மாறியிருந்தால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை தடவை மிதித்தாலும் உள்ளே மாட்டிய காற்று வராது.

ஹேண்ட் பிரேக்கை மறந்துவிடாதீர்கள். எக்ஸ்ப்ளோரரின் டிஸ்க்குக்குள்ளேயே ஒரு குட்டி டிரம்மும் ஷூவும் இருக்கின்றன. கேபிள்தான் ஜீப்போடு ஒத்துப்போகாது. எக்ஸ்ப்ளோரரின் கேபிளையும் சேர்த்து வாங்கி, ஜீப்பின் பக்கத்தில் பொருத்துக்கு வழி செய்ய வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்க்காமல் இதை முடிந்த வேலையாக எண்ண வேண்டாம்.

ஏபிஎஸ் இல்லாத வண்டிக்குத்தான் இதெல்லாம் பொருந்தும். கடைசியில், ஆளில்லாத பரந்த இடத்தில், குறைந்த வேகத்தில், முதலில் காய்ந்த தரையிலும் பிறகு ஈரத்திலும் மிதித்துப் பாருங்கள். வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். பின் சக்கரம் முதலில் நின்றால் அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். வால்வில் பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள்.